செய்த கையும் ஏறிய காலும்

"இந்தக் காசுக்கு நாலு பிள்ளைங்களுக்கு காலேஜ் பீஸ் கட்டியிருக்கலாமே?"

இயக்கத் தோழர்கள், வீட்டுப் பெரியவர்கள், எங்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் என்று பலரும் ஒரு வருடமாக எங்களிடம் இதைத்தான் கேட்கிறார்கள். மணவாள நகரில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டு, ஓடாமல் கிடந்த ஒரு பழைய காரை வாங்கினோம். பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து அதை ஓட வைத்தோம். வேலைக்குப் போய்வர வாங்கிய வண்டி இல்லை. வாடகைக்கு விடவும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கினோம். ஆகவே கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் கணக்கு. வண்டி 62,000 ரூபாய். பெட்ரோல் டேங்க் கழற்றிக் கழுவி, பம்ப் மாற்றியது 9,500. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 8,000. நான்கு டயர் 22,000. பிரேக் வேலை 11,000. புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் வகையில் 14,000. தகடு, பட்டி, பிரைமர், பெயின்ட் பொருளுக்கு மட்டும் 38,000. எலி கடித்த ஒயரிங் 4,000. மறுபதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 19,000. மொத்தம் 1,87,500 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 37,500. மாதம் 2,700 ரூபாய்க்குள். நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகம் இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள் கூடப் பூட்டப்படவில்லை.

இந்தக் கணக்கை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. ஊர்த்தெருவில் ஒருவர் புதுக் கார் வாங்கினால் அவரிடம் யாரும் ரசீது கேட்பதில்லை. நம் ஆள் வாங்கினால் மட்டும், "இது தேவையா?" என்று உலகமே கேட்கிறது, நாமும் சேர்ந்தே கேட்கிறோம். படிப்பு, மருத்துவம், வழக்கு, சாவு ஆகியவைதான் நமக்கு அனுமதிக்கப்பட்ட செலவுகள். ஆசைக்குச் செலவழித்தால் அது ஊதாரித்தனம் ஆகிவிடுகிறது. தேவைக்கு மேல் ஒன்றை விரும்புவதற்கும் சாதி ஒரு எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கிறது.

இனி வண்டிக்கு வருவோம்.

அது ஒரு மிட்சுபிஷி சீடியா, ஸ்போர்ட்ஸ் மாடல், 2008ஆம் வருடத்து வண்டி. சினிமாவில் வரும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்காது. நான்கு கதவு, பின்னால் டிக்கி, பார்க்க சாதுவான வண்டிதான். ஆனால் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். கரடுமுரடான பாதையிலும் பிடி விடாது. அதனால்தான் இந்தியாவின் ராலிப் போட்டிகளில் பல ஆண்டுகள் சீடியாக்கள் முன்னால் ஓடின. எங்கள் பக்கத்துப் பையன்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேஸ் வண்டி'.

எத்தனையோ பழைய கார்கள் இருக்க இதை ஏன் தேடினோம் என்றால், இது எங்கள் ஊர் வண்டி. ஜப்பான் பெயர் இருந்தாலும் பிறந்த இடம் அதிகத்தூர். மணவாள நகரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். 1970களிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மண் வாரும் எந்திரங்கள் செய்யத் தொடங்கியது. 1998ல் அதே நிறுவனத்தின் கார் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் உருவாகி வெளியே வந்தது. 2006ல் சீடியா வந்தது. பிறகு விற்பனை சரிந்தது. சீடியா நின்றது. கொஞ்ச காலம் இசுசு வண்டிகளை அங்கே பூட்டினார்கள். 2016ல் இசுசுவும் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை கட்டிக்கொண்டு போனது. இந்த வரலாறு பத்திரிகைகளில் முதலாளிகளின் பெயரோடும் மாடல்களின் பெயரோடும் இருக்கிறது. வெல்டிங் வைத்தவர்கள், சீலண்ட் இழுத்தவர்கள், பெயின்ட் அடித்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் கடம்பத்தூர், மணவாள நகர், அதிகத்தூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து ஷிப்டுக்குப் போனவர்கள். எங்கள் அண்ணன்கள், பெரியப்பாக்கள்.

வண்டி சென்னையில் ஒரு பங்களாவின் பின்பக்கத்தில் மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தது. மேலே வேப்பஞ்சருகு. நான்கு டயரும் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம் என்பதைச் சொல்லும். இதில் 3512. அதாவது 2012ஆம் வருடம் 35ஆம் வாரத்தில் செய்த டயர். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விற்பவர் வாயில் வராத உண்மை அதில் இருக்கும்.

விற்றவர் எங்களை வாசலில் நிற்க வைத்தே பேசினார். "எந்த ஊர்?" என்றார். சொன்னோம். "மணவாள நகர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னோம். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கும் உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பதில் கிடைத்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "பார்ட் பார்ட்டா பிரிச்சு விக்கத்தானே வாங்குறீங்க?" என்றார். ஓட்டுவதற்கு என்றோம். சிரித்தார். எங்களைப் பார்த்தால் வண்டியைப் பிரிக்கிறவர்களாகத் தெரிகிறது, ஓட்டுகிறவர்களாகத் தெரியவில்லை. காசைக் கொடுத்து, மாற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மினி லாரியில் ஏற்றி வந்தோம்.

வண்டியில் கை வைப்பவன் ஒருவன், ஏறி உட்காருபவன் வேறொருவன் என்ற இந்தப் பிரிவினை காருக்கு முன்பே, மாட்டு வண்டிக் காலத்திலேயே இருந்தது. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளில் இரண்டு சம்பவங்களை எழுதியிருக்கிறார். 1901ல் சிறுவனாக இருந்தபோது, அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போகும் வழியில் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். உடன் வந்ததும் பிள்ளைகள்தான். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார்: இரண்டு மடங்கு வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். 1929ல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். விருந்தினர் நடந்து வருவது மரியாதை இல்லை என்று அங்கிருந்த மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். வழியில் ஒரு சிறுபாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

நாங்கள் படிப்பகத்தில் இதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். வண்டியை மீட்கும் வேலையில் இறங்கிய பிறகு வேறு மாதிரி புரிந்தது. சாலிஸ்காவில் இருந்த வண்டிக்காரருக்குத் தொழில் தெரியும், ஆனால் மனம் இல்லை. நம் மக்களுக்கு மனம் இருந்தது, ஆனால் கடிவாளத்தைப் பிடிக்கும் வாய்ப்பே யாரும் தந்ததில்லை. தொழில் அறிவும் ஏறிச் செல்லும் உரிமையும் ஒரே கையில் இருந்திருந்தால் அந்தக் கால் முறிந்திருக்காது.

எங்கள் ஐந்து பேரில் ஒருவர் டிங்கர். ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரீஷியன். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடிப்பவர். ஒருவர் லாரி ஓட்டுநர். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவர் சட்டம் படிக்கிறார். டிங்கர் அண்ணனின் ஷெட்தான் எங்கள் பட்டறை.

நின்று போன வண்டியைச் சாவி போட்டுத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்யக் கூடாது. மூன்று வருடம் அசையாத பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊற விட்டோம். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்பினோம். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு நூல் நகர்ந்தது. அப்புறம் ஒரு முழுச் சுற்று. அந்தச் சுற்றுக்குத்தான் நாங்கள் முதல் முறை கை தட்டினோம். டேங்கில் இருந்த பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி, நாற்றமடித்தது. டேங்கை இறக்கிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தப் பிசின் முழுக்க இன்ஜெக்டருக்குப் போயிருக்கும். டைமிங் பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தது. மடித்துப் பார்த்தால் வெடிப்பு. ரப்பருக்கு ஓட்டமும் வயசுதான், நிறுத்தமும் வயசுதான்.

சாமான்களுக்குப் புதுப்பேட்டையில் அலைந்தோம். சீடியா சாமான் கேட்டால் பல கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு கடையில் எங்களைப் போலவே கிரீஸ் படிந்த கையோடு இருந்த ஒரு தம்பி, "அண்ணே, லான்சர் வந்தா போன் பண்றேன், இந்த புஷ் ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு நினைக்கிறேன், அளந்துட்டு எடுங்க" என்றார். அளந்தோம், சரியாக இருந்தது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இப்படிப்பட்ட அறிவு புதுப்பேட்டையில் தெருத்தெருவாகக் கொட்டிக் கிடக்கிறது. இதற்குப் பட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. 'கைவேலை' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். மந்திரம் சொல்வது அறிவு, எந்திரம் திருத்துவது வேலை என்று பிரித்து வைத்தது யார்? ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். ஸ்பேனருக்கும் பொட்டு உண்டு. ஸ்பேனரைப் பிடித்த கையைத் தொடத்தான் யோசிக்கிறார்கள்.

பின்சக்கரத்து மேல்வளைவில் துரு தகட்டைத் தின்றிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும் நாளில், அந்த ஆலையில் பெயின்ட் ஷாப்பில் முன்பு வேலை பார்த்த பெரியப்பா ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மேட்டைத் தூக்கி, தரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்து ஓட்டினார். அங்கே தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு சீலண்ட் பட்டை இழுத்திருப்பார்கள்.

"இது எங்க லைன்ல போட்டதுடா" என்றார்.

"உங்க கையா பெரியப்பா?"

"என் கையா, பக்கத்துல நின்னவன் கையான்னு எப்படிச் சொல்றது? ஆனா பாரு, இத்தனை வருசம் ஆகியும் விடல."

உண்மைதான். துரு பிடித்தது வெளியே, கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தில். அவர்கள் சீலண்ட் இழுத்த இடத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நாளெல்லாம் இந்த வண்டிங்களத் தொட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளும் இதுல உக்காந்து ரோட்டுல போனது கிடையாது."

1914ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தன் ஆலையில் நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்தபோது, கார் செய்கிற தொழிலாளியும் அதே காரை வாங்கலாம் என்ற பேச்சு உலகம் முழுவதும் பரவியது. அவருடைய நோக்கம் லாபம்தான். இருந்தாலும் செய்த கைக்கும் ஏறும் காலுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்க முடியும் என்று அந்த ஊர்த் தொழிலாளி நம்ப முடிந்தது. நம் நாட்டில் கூலி குறைவு என்பது பாதிச் சுவர்தான். மீதிச் சுவர் சாதி. காசு சேர்ந்து பாலத்தைக் கடந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தது. அங்கே குறிவைக்கப்பட்டவை எவை? வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வாங்கிய டிவி, மின்விசிறி, தையல் எந்திரம். பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. பெங்களூருக்குக் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய இருசக்கர வண்டிகளும் எரிந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவர் வெட்டப்பட்டார்; அவர் புல்லட் ஓட்டுவதைப் பொறுக்க முடியாமல்தான் என்றார்கள் குடும்பத்தார். வறுமையில் இருந்தால் இரக்கப்படும் இந்தச் சமூகம், நாம் ஒரு வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தால் ஆத்திரப்படுகிறது. ஆகவே நம் தெருவில் நிற்கும் ஒரு கார் வெறும் கார் இல்லை.

பழைய வண்டிகளை மீட்பது இந்த நாட்டில் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. எங்கள் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1980களின் கடைசி வரை கார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்த பிறகு அது நின்றது. சோழவரத்தில் ஓட்டியவர்களில் ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் சமஸ்தானத்து வாரிசுகளும் இருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பந்தய வரலாறு சொல்வதில்லை.

இன்று சட்டத்திலும் இரண்டு வகைப் பழமை உண்டு. 50 வருடத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டி என்றால் 'விண்டேஜ்'. 2021ல் அதற்குத் தனி விதிகளே வந்தன. பதிவு எண்ணிலும் தனி எழுத்துகள் உண்டு. 15 வருடம் தாண்டிய சாதாரண வண்டிக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. புகை கக்கும் வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. எங்கள் வண்டி புகைச் சோதனையில் தேறித்தான் சாலைக்கு வந்தது. ஆனால் தாத்தா வண்டியைப் பாதுகாத்தால் பாரம்பரியம், அண்ணன் பூட்டிய வண்டியைப் பாதுகாத்தால் பழைய இரும்பா? பாரம்பரியம் என்ற சொல்லே சொத்து இருந்தவர்களுக்கு மட்டும் வாய்த்த சொல்லாக இருக்கிறது.

மீட்பு என்ற சொல் அப்படி இல்லை. எங்கள் இயக்கத்தில் அதற்கு ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது: பஞ்சமி நில மீட்பு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் எங்கள் திருவள்ளூரும் இருந்தது. அதன் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலம் பிறகு எப்படிக் கை மாறியது, யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தாலுகாவிலும் நம் மக்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடையதாக இருந்து பறிபோனதைத் திரும்பப் பெறுவதுதான் மீட்பு.

அப்படியானால் காரில் நம்முடையது என்ன? பங்களாவும் இல்லை, பதிவுச் சான்றும் இல்லை. அந்த உழைப்புதான் நம்முடையது. பழைய பெருமையைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று சில வண்டி ஆர்வலர்கள் சொல்வார்கள். நமக்கு அந்தப் பழைய காலத்தில் பெருமை எதுவும் இல்லை. அந்தக் காலம் திரும்பி வரவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பெயரில்லாமல் போன உழைப்பு மட்டும் திரும்பி வர வேண்டும்.

வண்டி மறுபதிவான அன்று எங்களில் ஆசிரியையாக இருப்பவர்தான் முதலில் ஓட்டினார். எட்டு மாதம் அந்த வண்டியின் பிரேக்கைக் கழற்றி மாட்டியவர் அவர். எந்த மிதி எந்த பிஸ்டனைத் தள்ளுகிறது என்று தெரிந்து ஓட்டுகிறார். பெரியப்பா முன்சீட்டில் இருந்தார். பேசவே இல்லை. கடம்பத்தூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டார்.

பீஸ் கட்டுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். பீஸ் கட்டுவோம், கட்டிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் படித்து வரும் பிள்ளை தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்த ஒன்றை வாங்கும்போது, தலை குனிந்து கணக்கு ஒப்பிக்கக் கூடாது. அதற்கும் இப்போதே பழக்க வேண்டியிருக்கிறது. இப்போது ஞாயிறு காலையில் படிப்பகத்துப் பிள்ளைகள் ஷெட்டுக்கு வருகிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் என்பது அவர்கள் பாடத்தில் படமாக இருக்கிறது. இங்கே பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கிராங்க்கைத் திருப்பினால் காற்று விரலைத் தள்ளுகிறது. பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். கிரீஸ் பட்ட கையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே கை அடுத்த மணி நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது.

பானட்டின் உள்பக்கத்தில், பெயின்ட் காய்ந்த பிறகு, பெயர்களை எழுதினோம். நாங்கள் ஐந்து பேர், புதுப்பேட்டைத் தம்பி, லேத் போட்டுக் கொடுத்தவர், சீட் தைத்த அக்கா, பெரியப்பா. ஒன்பது பெயர். அதற்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறோம். 2008ல் இந்த வண்டியை அதிகத்தூரில் பூட்டியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த வருடம் அந்த லைனில் நின்றவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஷெட்டுக்கு அழைத்து வாருங்கள். பெயரை எழுதிவிட்டு, ஒரு சுற்று போய்வரலாம்.

ஜெய்பீம்.